மேலவீதி மாமி

சிதம்பரம் மேலவீதியில் அப்படி ஒரு மாமி இருந்ததே இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் கடையில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கம்ப்யூட்டரில் நான் வரைந்தவர் அவர். ஒன்பது கஜப் புடவை, மூக்கின் இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, நெற்றியில் குங்குமம், கையில் பித்தளைக் கரண்டி. வரைந்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்தப் படத்துக்குப் பின்னால் நின்று ஐந்து வருடம் சாம்பார் பொடி அரைத்தவரின் பெயர் எழிலரசி. நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி.

என் பெயர் அருண்குமார். லேபிள், நோட்டீஸ், ஃபிளெக்ஸ் டிசைன் செய்வது என் தொழில். ஊறுகாய், அப்பளம், முந்திரி, மண்புழு உரம் என்று வீட்டிலேயே எதையாவது செய்து விற்க நினைப்பவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேராவது என் கடைப் படி ஏறியிருப்பார்கள். "பொருள் நல்லா இருந்தா மட்டும் போதாது, பேரும் பாக்கெட்டும் எடுப்பா இருக்கணும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். அதில் பொய்யில்லை. எழிலரசியிடமும் அதைத்தான் சொன்னேன்.

அவர் வந்தது 2018 ஜூன் மாதம். நாற்பதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட காட்டன் புடவை, தோளில் கனமான கட்டைப்பை. பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். 'பொன்னி மசாலா – சாம்பார் பொடி' என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"சார், இதுக்கு வேற பேரு வைக்கணும்."

"இந்தப் பேருக்கு என்ன மேடம்? நல்லாத்தான இருக்கு."

"எங்கம்மா பேரு. ஆனா போவல சார்."

"காரம் கீரம் ஜாஸ்தியா இருக்கா?"

"பொடிய யாரும் கொற சொல்லல. கடகடயா நானே எடுத்துனு போனேன். சிதம்பரத்துல ஒரு கடைக்காரர் பிரிச்சு மோந்து பாத்துட்டு, இந்த மாதிரி வாசன வந்து எத்தன வருஷம் ஆச்சுன்னாரு. அப்புறம் எந்த ஊரும்மான்னாரு. சொன்னேன். ஊர்ல எந்தத் தெருன்னாரு."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். என் குடும்பம் திருவந்திபுரம் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பம். வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் 'எந்தத் தெரு' என்று என் அம்மா கேட்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தண்ணீரைச் சொம்பில் கொடுப்பதா, பிளாஸ்டிக் டம்ளரில் கொடுப்பதா என்பது பதிலைப் பொறுத்தது.

"நீங்க சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னேன். காலனின்னேன். அடுத்த வாரம் பாக்கலாம்மான்னாரு. நாலு வாரம் போனேன் சார்."

புவனகிரிக்கு மேற்கே ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவர் எழிலரசி. அப்பா செம்பியன் கரும்பு வெட்டும் கூலி. அம்மா பொன்னி நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். இவர் தினமும் வெள்ளாற்றுப் பாலம் தாண்டி பஸ்ஸில் சிதம்பரம் போய் வேதியியல் பட்டம் வாங்கினார். புதுச்சேரிப் பக்கம் ஒரு மசாலா கம்பெனியில் பதினோரு வருடம் சரக்கின் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. மல்லியைக் கையில் எடுத்து விரலால் நசுக்கியே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். கம்பெனி கைமாறியபோது பழைய ஆட்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் தேவசகாயம் கடலூர் முதுநகரில் ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர். ஒரே மகள் வெண்மதி அப்போது பதினொன்றாம் வகுப்பு. கூத்தப்பாக்கத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, அரவை மெஷின் போட்டு, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸும் வாங்கிவிட்டுத்தான் எழிலரசி தொழிலில் இறங்கினார். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார்.

'மேலவீதி மாமி' என்ற பெயர் எனக்குச் சட்டென்று வந்தது. கோயிலைச் சுற்றிய நாலு வீதியில் ஒன்று; கூடவே மாமி. இரண்டும் சேர்ந்தால் யாரும் எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள். படத்தையும் வரைந்து முடித்ததும் எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது. அடுத்த நாள் அவரை வரச் சொல்லிக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "யாரு சார் இவுங்க?"

"யாருமில்ல மேடம். சும்மா ஒரு கேரக்டர். ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்ல?"

"என்னப் பாத்தா வராதா?"

நான் மவுஸை அசைத்துக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்தேன். அவர் அதற்குமேல் என்னைச் சங்கடப்படுத்தவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனவர் மறுநாள் போன் செய்தார். தேவசகாயம் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏசுவையே நம்மாளுங்க வெள்ளக்காரர் மாதிரிதான் காலண்டர்ல மாட்டி வச்சிருக்கறோம். போடு, விக்கட்டும்" என்றாராம்.

தயாரிப்பாளர் முகவரி போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். பாக்கெட்டின் பின்புறம், ஒட்டும் மடிப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில் 'இ.டி. ஃபுட்ஸ், கடலூர்' என்று போட்டேன். எழிலரசியின் இ, தேவசகாயத்தின் டி. கடைகளுக்கு இனி அவர் போக வேண்டாம், கடைகடையாகச் சரக்குப் போட்டு லைன் பார்க்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் நான்தான். அதற்குள் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவர் இன்றுவரை என்னை சார் என்றே கூப்பிடுகிறார்.

பொடி பிய்த்துக்கொண்டு போனது. முதலில் சிதம்பரம், பிறகு புவனகிரி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம். இரண்டாவது வருடம் 'மேலவீதி மாமி கொத்சுப் பொடி' போட்டோம். கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் டஜன் கணக்கில் வாங்கிப் போனார்கள். ஷெட்டில் ஆறு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். வறுவல் மட்டும் எழிலரசி யார் கையிலும் விடவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, மிளகாய் நெடியில் கண்ணெல்லாம் சிவக்க, அவரே இரும்புச் சட்டியின் முன்னால் நிற்பார்.

பாக்கெட்டில் ஒரு போன் நம்பர் இருந்தது. மாமியிடம் பேச வேண்டும் என்று பெண்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். கொத்சுக்குக் கத்தரிக்காயைச் சுடுவதா, வதக்குவதா? ஏகாதசிக்கு மறுநாள் என்ன செய்யலாம்? எழிலரசி திணறிப்போய் என்னிடம் கேட்டார்.

"கொஞ்சம் அவுங்க பேசுற மாதிரியே பேசுங்கக்கா. போன்ல யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

பழகிக்கொண்டார். "சொல்லுங்கோ, பெருங்காயத்த நல்லெண்ணெயில பொரிச்சுப் போடுங்கோ" என்று பேசக் கற்றுக்கொண்டார். ஒருநாள் பண்ருட்டியிலிருந்து ஓர் அம்மா பத்து நிமிஷம் பேசிவிட்டு, "உங்க குரல கேட்டாலே மங்களகரமா இருக்கு மாமி, ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எதிரே உட்கார்ந்து பாக்கெட்டுக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்த வெண்மதி கேட்டாளாம்: "அந்தம்மா உன்ன நேர்ல பாத்தா உள்ள கூப்புடுவாங்களாம்மா?"

மறுநாளிலிருந்து வெண்மதி ஷெட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இன்னொரு நாள், லைன் பார்க்கும் ஆளுக்குக் காய்ச்சல். சரக்கு நின்றுபோகக் கூடாதே என்று எழிலரசியே லோடு வண்டியில் ஏறிச் சிதம்பரம் போனார். முன்பு நாலு வாரம் அலையவிட்ட கலியமூர்த்தியின் கடையிலும் இறக்க வேண்டியிருந்தது. பெரிய மளிகைக்கடை. அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை.

"மாமி வீட்டுலயாம்மா வேல செய்யிற?"

"ஆமா சார்."

"மாமிகிட்ட சொல்லு, கைப்பக்குவம்னா அதான் கைப்பக்குவம். எங்க வீட்டுல வேற பொடியே வாங்கறதில்ல. ரசப்பொடியும் போடச் சொல்லு. ஆமா, ஒன்ன உள்ளல்லாம் விடுவாங்களா?"

"இல்ல சார். பேக்கிங் மட்டும்தான்."

என் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது எழிலரசி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எப்புடி சார் எனக்கு டக்குனு அந்தப் பதில் வந்துச்சு?" என்று கேட்டார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டீ வாங்கிவரச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று எழுந்து போனார்.

2023இல் வெண்மதி கல்லூரி மூன்றாம் ஆண்டு. கடலூரில் சிறுதொழில் செய்பவர்களுக்கான ஒரு சங்கம் மகளிர் தினத்தன்று விருது கொடுப்பது வழக்கம். அம்மாவுக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டது அவள்தான். அதில் அம்மாவின் பெயர், படிப்பு, தாத்தா கரும்பு வெட்டியது, பாட்டி களையெடுத்தது, ஊர், காலனி எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். விருது கிடைத்தது.

என்னிடம் யோசனை கேட்க எழிலரசி வந்தார். நான் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போங்கள் என்று உற்சாகப்படுத்தியிருக்கலாம். "உங்க இஷ்டம்க்கா" என்றேன்.

போனார். மேடையில் ஐந்து நிமிஷம் பேசினார். நிருபர் கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னார். மறுநாள் பேப்பரின் உள்ளூர்ப் பக்கத்தில் பாதிப் பக்கத்துக்கு வந்தது: 'காலனியில் இருந்து மேலவீதிக்கு – ஓர் உழைப்பாளியின் வெற்றி.' கேடயத்தோடு எழிலரசி, பக்கத்தில் வெண்மதி. அன்று காலை அரைக்கிலோ அல்வாவோடு என் கடைக்கு வந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அஞ்சு வருஷமா தொண்டையில என்னமோ அடைச்சாப்புல இருந்துச்சு சார், இன்னிக்குத்தான் எறங்குச்சு" என்றார்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது.

யாரும் காரணத்தைச் சொல்லவில்லை. ஒரு கடையில் காரம் ஜாஸ்தி என்றார்கள். ஒரு கடையில் வண்டு இருந்தது என்றார்கள். எழிலரசி அந்தப் பாக்கெட்டை வாங்கி எதிரிலேயே வெள்ளைத்தாளில் கொட்டிக் காட்டினார். வண்டு இல்லை. "சரிம்மா, ஆனா மூவிங் இல்ல" என்றார்கள். லைன் பார்த்த ஆள் வேறு வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிப் போய்விட்டார். போன் அடிப்பதும் நின்றுபோனது. பண்ருட்டி அம்மா மட்டும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "இத்தன வருஷம் ஏமாத்திட்டியேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வாங்க போங்க எல்லாம் போய், 'வா'வுக்கு வந்திருந்தது பேச்சு.

கலியமூர்த்தி கடைக்கு எழிலரசி நேரிலேயே போனார். நானும் கூடப் போனேன்.

"நான் அதெல்லாம் பாக்குற ஆளே கெடையாதும்மா," என்றார் கலியமூர்த்தி. "எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். கஸ்டமருங்க கேக்குறாங்க, நான் என்னா பண்றது? நீ மொதல்லயே உண்மைய சொல்லியிருக்கலாம்."

"மொதல்லயே சொன்னேன் சார். நாலு வாரம் வந்தேன். உங்க கடைக்குத்தான் வந்தேன்."

அவருக்கு ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "படத்தப் போட்டு ஏமாத்துனது தப்புதானம்மா" என்றார். படத்தைப் போட்ட நான் அதே இடத்தில், எழிலரசிக்கு அரை அடி தள்ளி, நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது என் அம்மா தில்லையம்மாள் பேப்பர்த் துண்டை என் முன்னால் போட்டார். பக்கத்து வீட்டில் கொடுத்ததாம்.

"அருணு, இது நீ போட்ட லேபிள்தான? ஒனக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் வீட்டுக்கு வாங்கியாந்து போட்டியா?"

ஐந்து வருடமாக அம்மாவுக்கு அந்தப் பொடி இல்லாமல் அடுப்பு பற்றாது. கல்யாணமாகிப் போன தங்கைக்கும் பார்சல் கட்டி அனுப்புவார். மீதியிருந்த இரண்டு பாக்கெட்டை மாட்டுக்கொட்டகை கூட்ட வரும் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். பொடி போட்டுவைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவைத்தார். அன்றைக்கு வைத்த சாம்பார் ஏதோ கடைப்பொடி. காறல் அடித்தது. நான் சாப்பிட்டு எழுந்தேன். வயது நாற்பத்திரண்டு, சொந்தத் தொழில், வீட்டுச் செலவு என் கையில். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது.

வெண்மதி விடவில்லை. விண்ணப்பம் போட்டது தான்தானே என்ற உறுத்தல் அவளுக்கு. அம்மா பெயரிலேயே, அம்மா போட்டோவோடு புதுப் பாக்கெட் போட வேண்டும் என்று நின்றாள். 'எழிலரசி மசாலா' என்று ஆயிரம் கவர் அடித்துக் கொடுத்தேன். வெளியே போகாவிட்டாலும் தன் ஜனங்களாவது வாங்குவார்கள் என்று எழிலரசி நம்பினார். அந்த ஆவணியில் அவருடைய சொந்தத் தம்பி புவனகிரியில் வீடு கட்டிக் குடி போனான். ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. பொடி நான் தருகிறேன் என்று இவர் சொன்னார்.

"கோச்சிக்காதக்கா," என்றான் தம்பி. "ஆபீஸ்லேருந்து நெறைய பேரு வர்றாங்க. சமையல்கட்டுல ஒன் போட்டோ போட்ட பாக்கெட் கெடந்தா வீணா பேச்சு வரும். எல்லாருக்கும் தெரிஞ்ச பிராண்டா வாங்கிக்கறேன்."

எழிலரசி விசேஷத்துக்குப் போனார், மொய் எழுதினார், சாப்பிடவும் செய்தார். ஆயிரம் கவரில் எண்ணூறு இன்னும் ஷெட்டில் கிடக்கிறது.

அப்போதுதான் ஸ்ரீதர் வந்தார். சிதம்பரத்தில் பிஸ்கட், எண்ணெய் கம்பெனிகளுக்கு ஏஜென்சி எடுத்திருப்பவர். முதலில் என் கடைக்குத்தான் வந்தார். "மாமிங்கற பேருக்கு இன்னும் மார்க்கெட் இருக்கு சார். அந்தம்மா மொகம் வெளிய வந்ததுதான் பிரச்சன. பேர மட்டும் குடுத்தா நான் தூக்கி நிறுத்திடுவேன்" என்றார். எழிலரசிக்கு ஷெட் வாடகை, மெஷின் கடன், வெண்மதியின் மேல்படிப்பு. பெயரையும் படத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: பொடியை வேறு யாராவது அரைத்தால் பெயர் கெட்டுவிடும், அரவை மட்டும் தன்னிடமே இருக்கட்டும். ஸ்ரீதருக்கு அது வசதிதான். சாக்கில் ஊர், பேர் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

புது லேபிளை அடித்தது நான். அதே மாமி, அதே கரண்டி. மேல்மூலையில் மஞ்சள் பட்டையில் 'இப்போது புதிய நிர்வாகத்தில்' என்று ஒரு வரி சேர்த்தேன். வாரம் இரண்டு தடவை கூத்தப்பாக்கத்திலிருந்து வெறும் சாக்குகளில் பொடி சிதம்பரம் போகிறது. அங்கே பாக்கெட் ஆகிறது. மூன்று மாதத்தில் எல்லாக் கடைகளும் திரும்ப எடுத்துக்கொண்டன. ஒரு கல்யாணத்தில் கலியமூர்த்தியைப் பார்த்தேன். "புது ஆளுங்க வந்தப்புறம்தான் சார் பழைய டேஸ்ட்டே திரும்பி வந்திருக்கு. நடுவுல கெடுத்துட்டாங்க" என்றார். என் அம்மாவும் திரும்ப அதையேதான் வாங்குகிறார். யார் அரைப்பது என்று நான் சொல்லவில்லை.

போன வருடம் தை மாதம் எழிலரசி மறுபடி கடைக்கு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பையிலிருந்து பச்சைநிறத் திரவம் நிரம்பிய பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். பினாயில். அவரே கலந்தது.

"இதுக்கு லேபிள் போடணும் சார். எழில் பினாயில்னு எம்பேரே போடுங்க. போட்டோவும் என்னுதே."

"அக்கா, மறுபடியும்..."

"வாயில போடற சாமான் இல்லியே சார். கக்கூஸ் கழுவறது. இத யாரு செஞ்சாங்கன்னு எவனும் கேக்க மாட்டான். நாங்க செஞ்சா இன்னும் நல்லாத்தான் இருக்கும்னு நெனப்பாங்க." குரலில் கோபம் இல்லை. சந்தை நிலவரம் சொல்வது போலச் சொன்னார். "வெறும் பாட்டில சாம்பிளுக்குக் குடுத்தேன். கலியமூர்த்தி கடையில ரெண்டு பெட்டி கேட்டிருக்காரு. ஊரு கேக்கல, தெரு கேக்கல."

போட்டோவை வெட்டி லேபிளில் பொருத்திக்கொண்டே வெண்மதி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன். படிப்பை முடித்துச் சென்னையில் வேலை. மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள், முறை வைத்துச் சமைக்கிறார்கள்.

"அதுல ஒரு பொண்ணு மேலவீதி மாமி பொடிதான் வாங்கியாருதாம். இந்த மாமி கைப்பக்குவம் யாருக்கும் வராதுன்னு ஒரே புகழ்ச்சியாம். இவ கேட்டுக்கினு சும்மா இருந்தாளாம்."

"வெண்மதியா? சொல்லியிருக்கலாமே, எங்கம்மா அரைக்கிறதுதான்னு."

"ரூமு போயிடுமேன்னு பயம் சார்."

மகளைத் திட்டவும் இல்லை, வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. ப்ரூஃபைக் கையில் வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 'எலுமிச்சை' என்ற சொல்லில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பண்ருட்டிக் கடைகளிலும் சாம்பிள் கொடுக்க மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.